முதலாளி அறையில் மதியச் சாப்பாடு

அந்த லாண்டரியில் அவளைக் கறார் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜப் பெயர் சம்பளம் போடுகிற கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும். ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் வெளுத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்துத் திருப்பி அனுப்புகிற பெரிய லாண்டரி அது. அவளுக்கு ரோலர் மெஷினில் வேலை. ஈரம் முழுதாகப் போகாத விரிப்பை இந்தப் பக்கம் விரித்துக் கொடுத்தால், கொதிக்கிற உருளைகளுக்கு நடுவே நுழைந்து அந்தப் பக்கம் மொடமொடவென்று வந்து விழும். அப்படி விழுவதில் ஒரு சுருக்கம் இருந்தாலும் மறுபடி உள்ளே அனுப்பிவிடுவாள். காய்கறிக் கடையிலும் அப்படித்தான், பெற்ற மகளிடமும் அப்படித்தான். பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

ரோலருக்கு அந்தப் பக்கம் மடிப்பு மேசை. அங்கே நிற்பவர்களில் ஒருத்தி அவளுடைய நாத்தனார், கணவனின் கூடப் பிறந்த தங்கை. யார் யாருக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்தார்கள் என்பதில் இரண்டு பேருக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. கறார் அக்கா அளந்து பேசுவாள். நாத்தனார் அளக்கவே மாட்டாள், கொட்டிவிடுவாள். இருந்தாலும் பஸ் ஸ்டாப்பில் ஒருத்தி வரும்வரை இன்னொருத்தி பஸ் ஏற மாட்டாள்.

வேலை செய்கிற கூடத்தில் எப்போதும் வேக்காடு. கொதிகலன் ஒரு பக்கம், ரோலர் ஒரு பக்கம். பெண்கள் வெளியே நின்று அரட்டை அடிக்கிறார்கள் என்று பின்பக்கக் கதவைப் பூட்டிவிட்டார்கள். காற்றை வெளியே தள்ள வேண்டிய பெரிய விசிறி எப்போதோ நின்றுபோய், அதன் இறக்கைகளில் பஞ்சுத் தூசி தாடி மாதிரித் தொங்கியது. இத்தனைக்கும் நடுவில் அவர்களுக்கு இருந்த ஒரே ஆறுதல் சாப்பாட்டு அறைதான். இரண்டு பக்கம் ஜன்னல், ஒரு நீள மேசை, பெஞ்சுகள், கை கழுவ ஒரு குழாய். அந்த அரை மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டு நாலு வார்த்தை சிரித்தால், மிச்சப் பொழுதைத் தள்ளிவிடலாம்.

ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் மேசையும் பெஞ்சும் வெளியே கிடக்கின்றன. அறைக்குள் புதிதாக வாங்கிய உலர்த்தும் மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன.

"இது தற்காலிக ஏற்பாடுதான்," என்றார் மேனேஜர். முதலாளியின் மனைவிக்கு அவர் தம்பி. அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை மச்சான் சார் என்பார்கள்.

"அதுவரைக்கும் நாங்க எங்க சார் சாப்பிடறது?" என்று கேட்டாள் நாத்தனார்.

"அங்கங்க ஒதுங்கி சாப்பிட்டுக்குங்க. இதென்ன கல்யாண வீடா, பந்தி போட?"

ஒதுங்குவதற்கு இடம் எங்கே இருக்கிறது? கொதிகலன் சுவரை ஒட்டி நின்றுகொண்டு சிலர் சாப்பிட்டார்கள். கால் வலி தாங்காதவர்கள் அழுக்குத் துணி பிரிக்கிற மூலைக்குப் போய் மூட்டைகள் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகள், சிந்திய மதுவும் வாந்தியும் துடைத்த துண்டுகள். அந்த வாடையில் டப்பாவைத் திறந்தால் சோறு தொண்டையில் இறங்காது.

ஏற்கெனவே சம்பள விஷயத்தில் எல்லோருக்கும் வயிற்றெரிச்சல். கேட்கும்போதெல்லாம் "அடுத்த தடவை பார்க்கலாம்" என்பார் முதலாளி. அந்த அடுத்த தடவை வந்தபாடில்லை. இப்போது உட்கார்ந்த இடமும் போனது. மடிப்பு மேசையில் முணுமுணுப்பு கூடியது. கறார் அக்கா ஒரு காலையில் ரோலரை நிறுத்தாமலேயே, கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்த முதலாளியிடம் எல்லோருக்கும் கேட்கும்படி, "சாப்பாட்டு ரூம் எப்ப சார் திரும்பக் கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் அன்று மத்தியானமே கூப்பிட்டு அனுப்பினார்.

முதலாளியின் அறைக்குள் அவள் அதற்கு முன் வாசற்படி தாண்டிப் போனதில்லை. ஏசியின் குளிரில் வியர்வை முதுகோடு ஒட்டிச் சிலிர்த்தது. மெத்தென்ற சோபா, பெரிய மேசை, தரை முழுக்கக் கம்பளம்.

"உட்காரும்மா," என்றார் முதலாளி. "உன் வேலையைப் பத்தி எனக்குத் தெரியாததா? நீ தேய்ச்ச துணியில ஹோட்டல்காரங்க ஒரு குறை சொன்னதில்ல. இந்தக் கூடத்துக்கே நீதான் தூண். இன்னையிலேருந்து நீதான் சூப்பர்வைசர்."

மடித்து வைத்திருந்த நீலக் கோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சம்பளம் சார்?"

"பொறுப்பு வந்துட்டா பணம் தானா வரும். முதல்ல பொறுப்பைக் காட்டு."

"சாப்பாட்டு ரூம்?"

"அதையும் நீயே பார்த்து ஒரு வழி பண்ணு. இனிமே நீதானே சூப்பர்வைசர்."

தலையில் ஐஸ் வைக்கிறார் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் உச்சி குளிர்ந்துதான் போனது. இத்தனை வருஷமும் நெருப்பின் முன்னால் நின்றவளை ஒருவர் உட்காரச் சொல்லி, தூண் என்கிறார். அதோடு, வெளியே நின்று கத்துவதைவிட உள்ளே இருந்து காரியம் சாதிக்கலாம் என்றும் ஒரு நம்பிக்கை. கோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். விஷயத்தைக் கேட்டதும் கோட்டை வாங்கி விரித்துப் பார்த்துப் பூரித்துப் போனான்.

"ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் நான் மேல ஏத்தி விடறேன். இப்பத்தான் நம்ம வீட்டுல ஒருத்தி மேல போயிருக்கா!"

"அப்பா, மேல போயிட்டாங்கன்னா அதுக்கு அர்த்தமே வேற," என்றாள் மகள், பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். பிறகு தூக்கி, "சம்பளம் எவ்வளவும்மா ஏறுது?" என்றாள்.

கறார் அக்கா அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் நாத்தனார் இல்லை. முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டிருந்தாள். கூடத்துக்குள் நுழைந்ததும் மடிப்பு மேசையிலிருந்து குரல் வந்தது.

"வணக்கம் மேடம். கோட்டு நல்லா இருக்கு மேடம். தேய்ச்சது யாரு, நீங்களேவா மேடம்?"

அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள் மேடம் என்றது ஊசி மாதிரி இறங்கியது. கறார் அக்கா ரோலர் பக்கம் போனாள். ரூமை வாங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

பதவியின் லட்சணம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. சூப்பர்வைசர் ஆனால் ரோலரை யார் பார்ப்பது என்று கேட்டாள். "அதையும் நீதான் பார்க்கணும்," என்றார் மச்சான் சார். பாத்ரூமுக்கு யார் போகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று கவனிக்கச் சொன்னார். பேசுகிறவர்களைப் பிரித்து நிற்க வைக்கச் சொன்னார். சாப்பாட்டு ரூம் பற்றிக் கேட்டால் பார்க்கலாம் என்றார். விசிறி பற்றிக் கேட்டால் ஆள் வரணும் என்றார். பின்கதவைத் திறக்கலாமா என்று கேட்டால், "நீயுமா?" என்று ஒரு பார்வை பார்த்தார். ஒருவருக்குக் கொடுக்கிற அதே சம்பளத்தில் இரண்டு ஆள் வேலை, கூடவே எல்லோருடைய வெறுப்பும் இலவசம். நன்றாகக் காதில் பூ சுற்றிவிட்டார்கள் என்று ரோலரின் முன்னால் நின்று பல்லைக் கடித்தாள். கோட்டு வேறு வேக்காட்டை இரண்டு மடங்காக்கியது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்க வந்த நாத்தனார், அண்ணி கொண்டுவந்து வைத்த தேநீரைத் தொடாமலே எழுந்து போனாள். "ரெண்டு பேருக்கும் என்னதான் பிரச்சனை?" என்று கணவன் கேட்டதற்கு, "உங்க தங்கச்சியையே கேளுங்க," என்று மட்டும் சொன்னாள். கேட்டிருந்தால் தங்கை சொல்லியிருப்பாள். கறார் அக்காவிடம் அதற்குப் பதில் இருந்திருக்காது. அதுதான் அவளை அரித்தது.

மடிப்பு மேசையில் மாசமாக இருக்கிற பெண் ஒருத்தி உண்டு. வயிறு மேசையில் இடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் வீட்டு நிலைமைக்கு லீவு போட முடியாமல் வந்துகொண்டிருந்தாள். நின்று சாப்பிட முடியாததால் அவளும் அழுக்கு மூட்டை மேல்தான் உட்காருவாள். அன்று மத்தியானம் டப்பாவைத் திறந்தவள் இரண்டு வாய்கூடச் சாப்பிடவில்லை. வாடை குடலைப் புரட்ட, ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். முகம் கழுவி, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கி, மேசைக்கு வந்து சேர்வதற்குள் மணி அடித்து நேரமாகியிருந்தது. எல்லாவற்றையும் மச்சான் சார் பார்த்துக்கொண்டே இருந்தார். கறார் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு அரை நாள் சம்பளம் கட்."

"அவ மாசமா இருக்கா சார். வாந்தி எடுத்தா. நீங்களே பார்த்தீங்க."

"ஒருத்திக்கு விட்டா எல்லாரும் வாந்தி எடுப்பாங்க. நீயே போய்ச் சொல்லு."

"நானா?"

"பின்ன நானா? அதுக்குத்தானே உனக்குக் கோட்டு மாட்டி விட்டிருக்கு."

அவ்வளவு நாளும் சுற்றி வளைத்துப் பேசியவர் அன்று தன்னை அறியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார். கறார் அக்காவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். நெஞ்சுக்குள் இத்தனை நாள் அங்குமிங்கும் ஆடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தடக்கென்று நின்றதுபோல் இருந்தது.

அவள் மடிப்பு மேசையை நோக்கி நடந்தாள். பெண்கள் கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றார்கள். மாசமாக இருந்த பெண் பயந்துபோய் மேசையைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் அவளுக்கு முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்ன மேடம், கத்தியோட வந்துட்டீங்களா?"

"இவளுக்கு அரை நாள் சம்பளத்தை வெட்டச் சொல்றாங்க," என்றாள் கறார் அக்கா. "நான் வெட்டப் போறதில்ல." கோட்டைக் கழற்றி நாலாக மடித்து மேசைமேல் வைத்தாள். பழக்கதோஷத்தில் அதிலும் ஒரு சுருக்கம் இல்லை. "உள்ள இருந்துக்கிட்டு உங்களுக்கு ஏதாவது பண்ணலாம்னு நினைச்சேன். ஒண்ணும் நடக்கல. என்னைத்தான் நல்லா ஏமாத்தியிருக்காங்க. நாளைக்கு மத்தியானம் மணி அடிச்சதும் எல்லாரும் சாப்பாட்டை எடுத்துக்கிட்டு என் பின்னாடி வாங்க."

"எங்க?" என்றாள் நாத்தனார்.

"சாப்பிடற இடத்துக்கு."

"எந்த இடத்துக்கு? ரூம்லதான் மெஷின் நிக்குதே."

"இந்தக் கட்டடத்துல உட்கார்ந்து சாப்பிடற மாதிரி இன்னும் ஒரு ரூம் இருக்கு. சோபா இருக்கு. கம்பளம் இருக்கு. ஏசியும் இருக்கு."

நாத்தனாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்காமல், "அய்யோ அண்ணி!" என்று கறார் அக்காவின் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"வேலை போயிடாதா அக்கா?" என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

"இது ஸ்ட்ரைக் இல்ல. வேலையை நிறுத்தப் போறதில்ல, யாரையும் திட்டப் போறதில்ல. சாப்பாட்டு நேரம் நம்ம நேரம். சாப்பிடப் போறோம், சாப்பிட்டுட்டுத் திரும்பி வந்துடப் போறோம். வந்திருக்கிற துணியெல்லாம் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. நம்ம எல்லாரையும் அனுப்பிட்டு மச்சான் சாரா உட்கார்ந்து மடிப்பாரு?"

துண்டை மடிக்கிற மச்சான் சாரை எல்லோரும் மனதுக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டார்கள் போலும். மேசையைச் சுற்றிச் சிரிப்புப் பரவியது. மாசமாக இருந்த பெண்ணும் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் நாத்தனார் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். அடுப்படியில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நான் மீன் வறுத்து எடுத்துட்டு வர்றேன் அண்ணி."

"ஏசி ரூமுக்குள்ளயா? வாடை லேசுல போகாதே."

"போகக் கூடாதுன்னுதானே வறுக்கிறேன்!"

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கணவன் தலையை உள்ளே நீட்டினான். "ரெண்டு பேரும் சேர்ந்து வேலைக்கு உலை வைக்கப் போறீங்க. இப்பத்தானே பதவி குடுத்தாங்க. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தா என்ன?"

"பொறுத்துப் பார்த்தாச்சுங்க," என்றாள் கறார் அக்கா. "ஒரு பிள்ளைத்தாச்சி வயித்துல அடிக்கிறதுதான் பதவின்னா அது எனக்கு வேண்டாம். வேலை போகாது. அப்படியே போனாலும் இந்தக் கைக்கு ஊர்ல வேற ரோலர் இல்லாமலா போயிடும்?"

கணவன் தங்கையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே கட்சியில் இருந்தால் இந்த வீட்டில் யாருடைய பருப்பும் வேகாது என்பது அவனுக்கு அனுபவத்தில் தெரியும். "எனக்கும் நாலு துண்டு மீன் எடுத்து வை," என்று தங்கையிடம் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

மறுநாள் மத்தியானம் மணி அடித்தது. ரோலரை அணைத்துவிட்டு, குழாயில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டாள் கறார் அக்கா. மற்றவர்களும் வரிசையாகக் கழுவினார்கள். கையில் டப்பாவும் தண்ணீர்ப் பாட்டிலுமாக, கூட்டத்துக்குப் போகிற மாதிரி இல்லாமல் உறவுக்காரர் வீட்டுக்குப் போகிற மாதிரி நடந்தார்கள். நடைவழியில் யாரும் சத்தம் போடவில்லை. செருப்புகளை வாசலில் ஒழுங்காக விட்டார்கள். கறார் அக்கா கதவை இரண்டு தட்டுத் தட்டித் திறந்தாள்.

முதலாளி தனியாக இல்லை. எதிரே ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவர்களிடம் துணி கொடுக்கிற பெரிய ஹோட்டல் ஒன்றின் அதிகாரி. ஒப்பந்தம் பேச வந்திருந்தாள். இது கறார் அக்காவின் கணக்கில் இல்லாத விஷயம். ஒரு நொடி தயங்கினாள். பின்னால் நாற்பது கால்கள் நிற்கின்றன. திரும்ப முடியாது, திரும்பவும் மனமில்லை.

"மன்னிக்கணும் சார். நீங்க பேசிட்டு இருங்க. நாங்க ஓரமா உட்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போயிடறோம்."

முதலாளி வாயைத் திறப்பதற்குள் உள்ளே வந்துவிட்டார்கள். மாசமாக இருந்த பெண்ணை சோபாவில் உட்காரவைத்து முதுகுக்கு ஒரு திண்டும் கொடுத்தார்கள். மற்றவர்கள் கம்பளத்தில் சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நாத்தனார் தன் டப்பாவைத் திறந்ததும் வறுத்த மீனின் மணம் ஏசிக் காற்றில் ஏறி அறை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"என்ன இது? என்ன நடக்குது இங்க?" என்றார் முதலாளி. கோபத்தைவிடக் குழப்பம்தான் குரலில் அதிகம்.

அதற்குள் யாரோ சொல்லி மச்சான் சார் ஓடிவந்தார். வாசலில் செருப்புக் குவியலில் தடுக்கி, சமாளித்து உள்ளே வந்து கத்தினார்.

"எழுந்திருங்க எல்லாரும்! உங்களுக்கெல்லாம் குளிர் விட்டுப்போச்சு!"

"இல்ல சார்," என்றாள் நாத்தனார், மீன் முள்ளை எடுத்துக்கொண்டே. "கூடத்துலதான் புழுங்குது. இங்க வந்தப்புறம்தான் குளிரே அடிக்குது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹோட்டல் அம்மாள்கூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு முன்னால் உட்கார்ந்திருந்த கறார் அக்காவைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க எல்லாரும் எப்பவும் இங்கதான் சாப்பிடுவீங்களா?"

"இல்லைங்க மேடம். எங்களுக்குன்னு ஒரு ரூம் இருந்துச்சு. அதுல மெஷின் வச்சுட்டாங்க. இப்பல்லாம் உங்க ஹோட்டல்லேருந்து வர்ற அழுக்குத் துணி மேல உட்கார்ந்துதான் சாப்பிடறோம்."

அந்த அம்மாளின் முகம் மாறியது. "எங்க துணி மேலயா?"

அவளுக்குக் கவலை துணியைப் பற்றித்தான், உட்காருகிறவர்களைப் பற்றி அல்ல. கறார் அக்காவுக்கு அது நன்றாகவே புரிந்தது. பரவாயில்லை, எந்தக் கவலையாக இருந்தாலும் இப்போதைக்கு உதவும் என்று இன்னொரு வாய் சோற்றை எடுத்தாள்.

"தற்காலிக ஏற்பாடு மேடம்," என்றார் முதலாளி அவசரமாக.

"அடுத்த வாரம் நான் மறுபடி வரும்போது அந்த ஏற்பாட்டைப் பார்க்கிறேன். ஒப்பந்தத்தை அப்ப பேசிக்கலாம்." அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நீட்டியிருந்த கால்களையெல்லாம் மடக்கி அவளுக்கு மரியாதையாக வழிவிட்டார்கள்.

கதவு சாத்தியதும் முதலாளியின் முகம் சிவந்தது. "யார் இதுக்கெல்லாம் தலைவி?"

"நான்தான் சார்," என்றாள் கறார் அக்கா, டப்பாவைக் கீழே வைத்துவிட்டு.

"நீயா? உன்னை சூப்பர்வைசர் ஆக்கினேனே!"

"ஆமா சார். சாப்பாட்டு ரூம் என்னாச்சுன்னு கேட்டதுக்கு, நீயே பார்த்து ஒரு வழி பண்ணுன்னு சொன்னீங்க. பண்ணிட்டேன்."

முதலாளி மச்சானைப் பார்த்தார். மச்சான் கம்பளத்தில் சிந்தியிருந்த ஒரு பருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரூமுக்கு ஏதாவது பண்ணலாம்," என்றார் கடைசியில். "போய் வேலையைப் பாருங்க."

"சம்பளமும் பேசணும் சார். இவளோட அரை நாளும் வெட்டக் கூடாது."

"எல்லாத்தையும் ஒரே நாள்ல கேட்டா? ஒவ்வொண்ணா பேசலாம்."

"பேசலாம் சார்," என்று எழுந்தாள் நாத்தனார். "நாளைக்கு மத்தியானமும் வருவோம்ல."

சிந்தியதைப் பொறுக்கி, கம்பளத்தைத் தட்டிவிட்டு, மணி அடிக்கும் முன் எல்லோரும் தத்தம் இடத்தில் நின்றுவிட்டார்கள். அன்று பிற்பகல் ஓடிய வேகத்தில் ரோலர் அதற்கு முன் ஓடியதில்லை என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள்.

மறுநாள் முதலாளி முன்ஜாக்கிரதையாக அறையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். அவர்கள் கதவைத் தட்டவில்லை. நடைவழியிலேயே, கதவை ஒட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வரிசையாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். உள்ளே இருந்தவருக்கும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. ஒரு கண் தெரிந்தது. மறுபடி மூடிக்கொண்டது. "சார், நீங்க சாப்பிட்டாச்சா? ரொட்டி இருக்கு, தரட்டுமா?" என்று மாசமாக இருந்த பெண் உண்மையான அக்கறையோடு கேட்டாள்.

அன்று மாலை கறார் அக்காவை மட்டும் தனியாக அழைத்தார். களைத்துத் தெரிந்தார்.

"இந்தா பாரும்மா. உனக்கு மட்டும் இந்த மாசத்திலேருந்தே சம்பளத்தை ஏத்திடறேன். நீ நினைக்கிறதைவிடக் கூடவே தர்றேன். இவங்களை நீ அடக்கி வை."

வீட்டு வாடகை, மகளின் படிப்பு எல்லாம் ஒரு கணம் கண்முன் வந்து போயின. வரவில்லை என்று சொன்னால் பொய். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தக் கோட்டைப் போட்டே என்னால அடக்க முடியல சார். இப்ப என்கிட்ட கோட்டும் இல்ல. ஏத்தறதா இருந்தா எல்லாருக்கும் ஏத்துங்க. இல்லாட்டி நாளைக்கு மத்தியானம் பார்க்கலாம்."

அவர் நீண்ட நேரம் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். வெளியே துணிவண்டி ஒன்று புதுச் சுமையோடு வந்து நின்று ஹாரன் அடித்தது. இறக்க ஆள் வேண்டும், வெளுக்க ஆள் வேண்டும், ஹோட்டல் அம்மாள் வேறு வரப்போகிறாள். அவள் அவசரப்படவில்லை. அந்தக் குளிரில் நிதானமாக நின்றாள். முதல் தடவை அங்கே வந்தபோது சிலிர்த்த உடம்பு இப்போது சிலிர்க்கவில்லை.

"உட்காரு," என்றார். "எல்லாருக்கும்னா எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?"

"நான் மட்டும் சொன்னா சரியா வராது சார். மடிப்பு மேசையிலேருந்தும் ஒருத்தி வரட்டும்," என்று சொல்லிவிட்டுப் போய் நாத்தனாரைக் கூட்டிவந்தாள். இரண்டு பேருமாக உட்கார்ந்து பேசினார்கள். நாத்தனார் ஏற்றிக் கேட்டாள், கறார் அக்கா அதிலிருந்து லேசில் இறங்கவில்லை. முதலாளி அழாத குறை. சில இடத்தில் அவர் விட்டுக்கொடுத்தார், சில இடத்தில் இவர்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் உலர்த்தும் மெஷின்கள் பின்பக்கம் புதிதாகப் போட்ட ஒரு கொட்டகைக்குப் போயின. மேசையும் பெஞ்சும் உள்ளே வந்தன. பின்கதவு திறந்தது. விசிறியைச் சரி செய்ய ஆள் வந்து, தூசியைத் தட்டியதில் தானே பஞ்சு மூட்டையாகித் திரும்பிப் போனான். அரை நாள் வெட்டு ரத்தானது. மாசமாக இருந்த பெண்ணுக்குப் பிரசவம்வரை உட்கார்ந்து துண்டு எண்ணுகிற வேலை. எல்லோருக்கும் சம்பளம் ஏறியது. கேட்ட அளவு ஏறவில்லை, ஆனால் ஏறியது. மச்சான் சார் மட்டும் மாறவில்லை. பாத்ரூம் பக்கம் பார்த்தபடியே திரிந்தார், சொல்ல ஆள்தான் கிடைக்கவில்லை. சூப்பர்வைசர் பதவியை யாருக்குக் கொடுப்பது என்று கொஞ்ச நாள் பேச்சு அடிபட்டது. யாரும் முன்வராததால் பேச்சும் ஓய்ந்தது.

புதுச் சம்பளம் வந்த மத்தியானம், சாப்பாட்டு அறையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து நாத்தனார் அலுத்துக்கொண்டாள்.

"இவ்வளவுதானா அண்ணி? இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சிருக்கலாம். உங்களைப் போய்க் கறார்னு எவ சொன்னா?"

"இது இந்தத் தடவைக்கு. அடுத்த தடவைக்கு இப்பவே யோசி. கை சுடாம இருக்க நல்ல உறை கேட்கணும், தரையில வழுக்காத விரிப்பு கேட்கணும்."

"லீவு?"

"லீவும்தான்."

"அப்ப நான் பேசறேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து முறைச்சாப் போதும்."

"சரி, நீயே பேசு," என்று கறார் அக்கா டப்பாவை மூடினாள். மணி அடித்தது. பின்கதவு வழியாக வந்த காற்று, உலர்ந்து குவிந்திருந்த விரிப்புகளின் ஓரங்களை லேசாகத் தூக்கிப் பார்த்தது. அவள் ரோலரின் விசையைத் தட்டி, முதல் விரிப்பின் இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்து உள்ளே கொடுத்தாள்.